வெற்றுக் குப்பி

டயர் கடைக்கு மேல்மாடி.
காலையில் வந்ததும் கருவியின் விளக்கை எழுப்பிவிட்டு
அரை மணி நேரம் அதனிடம் எதுவும் கேட்கக்கூடாது.
சூடேறாத விளக்கு பொய் சொல்லும்.
அதற்குள் நான் மைலோ கலக்கிக்கொள்வேன்.

பத்தாங் பெர்ஜுந்தை வளைவில்
செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் கியர் மாற்றும்போது
திரையில் மூன்றாவது தசமம் நடுங்கும்.
போகட்டும் என்று காத்திருப்பேன்.

முதலில் வெற்றுக் குப்பி.
தண்ணீரும் மருந்துக் கலவையும் மட்டும், சரக்கு கிடையாது.
அதை உள்ளே வைத்துப் பூஜ்யத்தை அழுத்த வேண்டும்.
ஒன்றுமில்லை என்றால் எவ்வளவு என்று
கருவிக்குச் சொல்லிக்கொடுத்த பிறகுதான்
மற்றதெல்லாம்.

இன்றைக்கு வந்தவை: சாசி இரண்டு, ரோஸ் சிரப் ஒன்று,
பச்சை இலை வரைந்து
'பதப்படுத்தி சேர்க்கப்படவில்லை' என்று அச்சடித்த லிச்சி பானம்.
அப்புறம், கழுவிய சோயா சாஸ் பாட்டிலில்
ஜெசிந்தா அக்காவின் திராட்சை ஒயின்.

லிச்சி சுலபம்.
ஈதரில் பிரித்துக் குவார்ட்ஸ் குப்பியில் ஊற்றினால்
இருநூற்று முப்பதுக்குப் பக்கத்தில்
புற்று மாதிரி எழுந்து நின்றது பென்சோயேட்.
எழுதினேன். வருத்தமொன்றும் இல்லை.

அக்காவுடையது அப்படியில்லை.
கிறிஸ்துமஸ் சந்தையில் விற்க
கோயில் கமிட்டி அறிக்கை கேட்டிருக்கிறது.
இருபத்தாறு வருடம் முதுகில் டப்பா கட்டிச்
செம்பனைக்கு மருந்தடித்தவள்.
"ஒரு சொட்டு மருந்து போடலம்மா.
அடிச்ச மருந்தே போதும்."

சிவப்பு ஒயின் தன் சிவப்பாலேயே மறைத்துக்கொள்ளும்.
அமிலம் விட்டுச் சூடுகாட்டி
அதன் மூச்சை மட்டும் வேறொரு குழாயில் பிடித்து
சாயம் சேர்த்துக் கால்மணி இருட்டில் வைத்தேன்.
மங்குஸ்தீன் தோல் உரித்த கையை
அலசிய தண்ணீரின் நிறம் வந்தது.

ஐந்நூற்று அறுபதில் வைத்தேன்.
கணக்கிட்டால், லிட்டருக்குப் பன்னிரண்டு மில்லிகிராம் சல்ஃபைட்.
மறுபடி. பன்னிரண்டு.
குப்பியைத் துடைத்து, வெற்றை மாற்றி, மறுபடி.
பன்னிரண்டுதான்.

பத்தைத் தொட்டாலே லேபிளில் எழுத வேண்டும்.
"போட்டிருப்பாள், எல்லாரும் போடுவார்கள்"
என்றார் மிஸ்டர் கூ, வாழைப்பழ பொரியல் மென்றபடி.
யாரும் போடாமலும் வரும்.
சர்க்கரையைத் தின்கிற ஈஸ்ட்
போகிற போக்கில் கொஞ்சம் கந்தகத்தையும் விட்டுவைக்கும்.
ஆனால் படிவத்தில் அளவு உண்டு, முறை உண்டு,
கையொப்பம் உண்டு.
யார் என்பதற்குக் கட்டமில்லை.

போன் போட்டேன்.
"பன்னெண்டா? யாரு போட்டா?"
"அதுவே போட்டுக்கிச்சுக்கா."
"அதுவேவா?"
அவள் பக்கத்திலும் லாரி போனது.
போகும்வரை இருவரும் பேசவில்லை.

பிறகு சொன்னாள்:
"எங்களுக்கும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா
ரத்தம் எடுப்பாங்க, தோட்டத்துல.
மருந்து எவ்வளவு ஏறியிருக்குன்னு பாக்க.
வரிசையா நிப்போம். பஞ்சு குடுப்பாங்க.
எவ்வளவுன்னு ஒரு தடவையும் சொன்னதில்ல."

கூரையில் நாலு மணி மழை இறங்கியது.
இங்கே இடி இடித்தால் மின்சாரம் போகும்,
விளக்கு அணையும், மறுபடி அரை மணி.
அதற்குள் அச்செடுத்துவிடலாம் என்று
ஒரு கையால் பொத்தானைத் தேடினேன்.

"இரு, எழுதிக்கிறேன். லேபிள் நானே ஒட்டுறேன்."
இழுப்பறை திறக்கும் சத்தம்.
பேனா எழுதவில்லை போல, உதறுகிற சத்தம்.
"சொல்லு. பன்னெண்டு.
புள்ளிக்கு அப்புறம் ஏதாச்சும் இருக்கா?"

"நாலு" என்றேன்.
"லாரி போனா மாறும்."